ஸ்லாப் உடைந்து வந்தால்: தரமிட்ட காமிக்ஸைத் தபாலில் அனுப்புவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

போன வருஷம் கனடாவிலிருந்து அண்ணா ஒரு ஸ்லாப் அனுப்பினார், அதாவது தரமிட்டுப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த ஒரு காமிக்ஸ் புத்தகம். அந்தப் பெட்டியைத் தபால் கந்தோரில் கையெழுத்து வைத்து வாங்கினேன். வெளி மண்டபத்துக்கு வந்ததும் மெல்லச் சரித்துப் பார்த்தேன். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். அந்த இடத்திலேயே வயிறு கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து திறந்தால், வெளிக்கூட்டின் கீழ் வலது மூலையில் பெருவிரல் நகமளவு துண்டு ஒன்று பெயர்ந்து பபிள் உறைக்குள் கிடந்தது. அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "மூன்று சுற்றுச் சுத்தித்தானே தம்பி அனுப்பினேன்" என்றார். உண்மைதான், மூன்று சுற்று இருந்தது. ஆனால் பெட்டி பெரிது. சுற்றிய ஸ்லாப் அந்த வெற்றிடத்துக்குள் இங்கும் அங்கும் ஓடியபடியே கடல் தாண்டி வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு சேதமாகி வந்த எந்தப் பெட்டியையும் உடனே எறிவதில்லை. எந்த மூலை நசுங்கியது, எந்த டேப் கழன்றது, உள்ளே எது எங்கே நகர்ந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எறிவேன். பார்த்தவரைக்கும் பெரும்பாலான கேடுகளுக்குக் காரணம் அசைவு. பெட்டிக்குள் ஸ்லாப் அசையலாம், ஸ்லாப்புக்குள் புத்தகம் இருக்கிற மெல்லிய உள்ளுறை அசையலாம், உள்ளுறைக்குள் புத்தகமே அசையலாம். இந்த மூன்றில் எது அசைந்தது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். எது என்று தெரியாமல் இன்னும் இரண்டு சுற்று பபிள் சுற்றுவதால் ஒன்றும் ஆகாது. அசைவுக்கு அடுத்தது வெயிலும் ஈரமும். திருகோணமலையில் இருக்கிற நாங்கள் அவற்றையும் இலேசாக எடுக்க முடியாது.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம். தரமிட்ட காமிக்ஸ் என்றால் சீ.ஜீ.சீ. போன்ற ஒரு நிறுவனம் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, 0.5 முதல் 10.0 வரை ஒரு தரம் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருவது. சீ.ஜீ.சீ. 2000 ஆம் ஆண்டு தொடங்கியது, அமெரிக்காவின் புளோரிடாவில் சரசோட்டாவில் இருக்கிறது. கூட்டில் இரண்டு அடுக்கு. புத்தகம் இருப்பது மெல்லிய உள்ளுறைக்குள், அந்த உள்ளுறை இருப்பது தடித்த வெளிக்கூட்டுக்குள். மேலே லேபிள், அதில் தரமும் சான்று எண்ணும். முழுதாக ஒரு ஸ்லாப் சுமார் 8 அங்குல அகலம், 13 அங்குல நீளம் வரும். கையில் எடுத்தால் கல்லுப்போல இருப்பதால் உறுதியானது என்று நினைத்துவிடுகிறோம். தட்டையாக அழுத்தினால் தாங்கும். மூலையில் ஒரு குத்து விழுந்தால் முறிந்துவிடும். தபால் வழியில் அந்தக் கூடும் புத்தகத்தைப் போலவே காப்பாற்றப்பட வேண்டிய பொருள்தான்.

சரித்தால் "டக்" என்று தடித்த சத்தம் வருகிறது

பெட்டிக்குள் ஸ்லாப் நகர்கிறது என்று அர்த்தம். அதிகம் காண்கிற பிழையும் இதுதான், முழுதாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான்.

சத்தம் கேட்பது நீங்கள் பொதி செய்த பெட்டி என்றால் தயங்காமல் திறந்து திரும்பச் செய்யுங்கள். மேலே இன்னொரு தாளைத் திணித்து மூடினால் போதும் என்று தோன்றும். போதாது. கசக்கிய பத்திரிகைத் தாள் முதல் நாள் இறுக்கமாக இருக்கும், லொறியில் இரண்டு நாள் குலுங்கினால் அமர்ந்துவிடும். எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் ஏறினால் இன்னும் கெதியாக அமரும். சின்னச் சின்ன ரெஜிபோம் உருண்டைகளும் அப்படித்தான். கனமான ஸ்லாப் அவற்றை ஒதுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

நான் செய்வது இப்படி. முதலில் ஸ்லாப்பைச் சுத்தமான பொலித்தீன் பையில் போடுவேன். பிறகு ஸ்லாப்பை விட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாக, அதாவது 10க்கு 15 அங்குலத்தில், நெளிமட்டையில் இரண்டு துண்டு வெட்டுவேன். வெட்டும்போது மட்டையின் நெளிவரி ஓடும் திசையைப் பாருங்கள். ஒரு துண்டில் வரி நெடுக்காக ஓடட்டும், மற்றதில் குறுக்காக ஓடட்டும். வரியோடு சேர்ந்துதான் மட்டை மடியும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் இரண்டும் ஒன்றாக மடியும், மாறி ஓடினால் ஒன்றை மற்றது தாங்கும். இது காசில்லாத வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

பைக்குள் இருக்கும் ஸ்லாப்பை இரண்டு சுற்று பபிளில் சுற்றி, மட்டைகளுக்கு நடுவில் வைத்து, நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்குவேன். இறுக்கம் எவ்வளவு என்றால், தூக்கிச் சரித்தால் உள்ளே நகரக்கூடாது, ஆனால் மட்டை வளையவும் கூடாது. வளைந்தால் அந்த அழுத்தம் முழுவதும் ஸ்லாப்பின் நடுவில் போய் நிற்கும்.

மட்டைக் கட்டு ஆனதும் பெட்டி. கட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் ஆறு பக்கமும் இரண்டு அங்குலம் மெத்தை வேண்டும். கணக்குப் பார்த்தால் 14க்கு 19 அங்குலத்தில், 6 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி வரும். ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று கவுண்டரில் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த இரண்டு அங்குலத்தை நிரப்பச் சுருட்டிய பபிள் அல்லது மடித்த நெளிமட்டைச் சுருள் நல்லது. மட்டையை வில்லுப்போல மடித்து வைத்தால் அடியை வாங்கித் திரும்ப நிமிரும்.

பெட்டி எங்கே எடுப்பது? மருந்துக் கடைகளில் சேலைன் போத்தல் வரும் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள். போத்தலின் கனத்தைத் தாங்கவென்றே தடிப்பாகச் செய்திருப்பார்கள். மின்சாரப் பொருள் கடைகளில் காற்றாடி, மிக்சி வரும் பெட்டிகளும் நல்லவை. பால்மா, பிஸ்கட் பெட்டிகள் மெல்லியவை, வேண்டாம். இன்னொன்று: எங்கள் ஊரில் ரெஜிபோம் மீன்பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், கழுவிப் பாவிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எவ்வளவு கழுவினாலும் உப்பும் நாற்றமும் அந்தத் துளைகளுக்குள் இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். தாளும் இரும்புப் பின்னும் உள்ள ஒரு பொருளை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பொதி சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல ஸ்லாப்பை வைத்துச் சோதிக்க வேண்டாம். பழைய சீ.டீ. உறைகள் இரண்டை ஒரு கொப்பியின் மேலும் கீழும் ஒட்டி, ஸ்லாப்பின் எடை வரும்வரை ஒரு பொட்டலம் அரிசியையும் சேர்த்துக் கட்டினால் போலி ஸ்லாப் ஒன்று வந்துவிடும். சீ.டீ. உறையும் அடி விழுந்தால் சட்டென்று முறிகிற சாதிப் பிளாஸ்டிக்தான். அதை உங்கள் முறைப்படி பொதி செய்து கீழே போடுங்கள். பொதிகளைச் சோதிப்பதற்கு இஸ்டா என்ற சர்வதேச அமைப்பின் முறை ஒன்று உண்டு: சுமார் 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்துத் தடவை விடுவார்கள். ஒரு மூலையில் ஒரு தடவை, மூன்று விளிம்புகளில் மூன்று, ஆறு முகங்களில் ஆறு. 76 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய எங்கள் சாப்பாட்டு மேசை உயரம். பத்தாவது தடவைக்குப் பிறகு திறந்து பாருங்கள். முதல் சோதனையில் என் சீ.டீ. உறையின் இரண்டு மூலையும் போயிருந்தது. மெத்தையை ஒரு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் ஆக்கிய பிறகுதான் முழுதாக வந்தது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேசக் கொரியர்கள் பெட்டியின் பருமனையும் எடையாகக் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். மேலே சொன்ன பெட்டி 36க்கு 48க்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 5 கிலோவுக்கு மேல் வரும், உள்ளே இருப்பது ஒரு கிலோவே இல்லாவிட்டாலும். இதைக் கண்டுதான் ஆக்கள் சின்னப் பெட்டிக்குப் போகிறார்கள், மெத்தை போய்விடுகிறது. என் யோசனை, பெட்டியைக் குறைக்காமல் இரண்டு மூன்று ஸ்லாப்பைச் சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மட்டை கட்டாயம். ஸ்லாப்பும் ஸ்லாப்பும் நேரே உரசினால் இரண்டும் கீறும்.

பெட்டி அசையவில்லை, ஆனால் புத்தகம் உள்ளே சரிந்து நிற்கிறது

எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற அறிகுறி இது. வெளிக்கூட்டில் ஒரு கீறலும் இல்லை, பெட்டியும் நல்ல பெட்டி. உற்றுப் பார்த்தால் புத்தகம் உள்ளுறைக்குள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், கீழ் மூலை கொஞ்சம் மழுங்கியிருக்கும். லேபிள் 9.8 என்கிறது, கண்ணுக்குத் தெரிகிற மூலை அதை ஒத்துக்கொள்ளவில்லை. சேகரிப்பாளர்கள் இதைக் குலுங்கிய புத்தகம் என்பார்கள். உள்ளுறைக்குள் புத்தகத்துக்குச் சிறிது இடம் இருந்தால், ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் அது கீழே போய் விளிம்பில் முட்டும். தடித்த ஆண்டு மலர்களுக்கு எடை அதிகம் என்பதால் முட்டும் வேகமும் அதிகம்.

கூட்டைத் திறந்து சரிசெய்ய முடியாது. திறந்த கையோடு அந்தத் தரம் போய்விடும். ஆகவே அனுப்பு முன் செய்ய வேண்டியதைத்தான் செய்யலாம்.

முதல் வேலை, ஸ்லாப்பை மேசையில் தட்டையாக வைத்து, பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்துப் படம் எடுப்பது. புத்தகத்தின் நாலு விளிம்புக்கும் உள்ளுறை ஓரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று படத்தில் தெரிய வேண்டும். பிறகு ஸ்லாப்பை மிக மெதுவாக ஒரு பக்கம் சரியுங்கள். புத்தகம் வழுக்கினால் அது குலுங்கும் சாதி. அப்படிப்பட்டதைப் பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்புவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: மட்டைக் கட்டு ஒரு சின்னப் பெட்டிக்குள், அந்தப் பெட்டி இரண்டு அங்குல மெத்தையோடு பெரிய பெட்டிக்குள். மெத்தை இறுக்கமாக இருந்தால் மட்டும் போதாது, மிருதுவாகவும் இருக்க வேண்டும். கல்லுப்போல இறுகிய மெத்தை அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்திவிடும்.

இன்னொரு வேண்டுகோள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஸ்லாப்பைக் காதருகில் பிடித்துக் குலுக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். தபால்காரர் செய்யாத சேதத்தை நாங்களே செய்கிறோம். இந்தக் குறிப்பில் நான் சொல்கிற இடமெல்லாம் மெல்லச் சரிப்பதுதான், குலுக்குவது அல்ல.

மூலை உடைந்திருக்கிறது, விளிம்பில் மயிரளவு வெடிப்பு

உடைந்த இடம் எது என்று பாருங்கள். ஒரே மூலை மட்டும் உடைந்து, பெட்டியின் அதே மூலையும் நசுங்கியிருந்தால், யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், மெத்தை அந்த இடத்தில் குறைவு. பெட்டி நல்லாயிருக்க ஸ்லாப் மூலை மட்டும் உடைந்திருந்தால், ஸ்லாப் உள்ளேயே ஓடி முட்டியிருக்கிறது. அண்ணாவின் பெட்டி இந்த இரண்டாவது வகை. நீளப்பாட்டில் நேராக ஒரு வெடிப்பு ஓடினால், மேலே பாரமான பொதி ஒன்றை வைத்திருக்கிறார்கள், உள்ளே மட்டை மெல்லியது.

மூலைக்கு மட்டும் தனியாக ஒரு காப்புச் செய்யலாம். நெளிமட்டையில் இரண்டு அங்குலச் சதுரங்கள் வெட்டி, மடித்து, பபிள் சுற்றுக்கு வெளியே நாலு மூலையிலும் தொப்பி மாதிரிப் போடுங்கள். படச்சட்டம் அனுப்புகிறவர்கள் செய்வதுதான் இது.

உடைந்து வந்ததை என்ன செய்வது? வெளிக்கூடு மட்டும் சேதம், உள்ளுறை மூடியபடி இருக்கிறது என்றால் சீ.ஜீ.சீ.யிடம் கூடு மாற்றித் தரும் சேவை இருக்கிறது. புத்தகத்தைத் தொடக்கூடிய அளவுக்குக் கூடு பிளந்திருந்தால் புதிதாகத் தரமிடத்தான் கொடுக்க வேண்டி வரும், பழைய எண் திரும்ப வரும் என்ற உறுதி இல்லை. இங்கிருந்து புளோரிடாவுக்கு அனுப்பித் திருப்பி எடுக்கும் செலவையும், அந்தப் பயணத்தில் இன்னொரு தடவை அடிபடக்கூடிய வாய்ப்பையும் எண்ணிப் பாருங்கள். விலை அதிகமில்லாத புத்தகம் என்றால் உடைந்த மூலையோடு வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. வெடிப்பில் டேப் ஒட்டாதீர்கள், சூப்பர் குளூ விடவே விடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்யும்.

முகப்பில் கீறல், மங்கல், பிசுபிசுப்பு

கீறல் என்றால் ஸ்லாப் பை இல்லாமல் நேரே மட்டையோடு உரசியிருக்கிறது. மட்டைத் தூளே மணல்தாள் மாதிரி வேலை செய்யும். கடற்கரையோரம் வீடு உள்ளவர்கள் பொதி செய்யும் மேசையை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் மணல் வராத மேசை இல்லை.

வட்டம் வட்டமாக மங்கல் தெரிந்தால், பபிள் நேரே ஸ்லாப்பில் பட்டபடி சூட்டில் நாள்கணக்கில் இருந்திருக்கிறது. அதற்கும் மருந்து அந்தப் பொலித்தீன் பைதான். மேசை விரிப்புக்குப் பாவிக்கிற மெதுவான வினைல் தாளைச் சுற்றாதீர்கள். அதில் மெதுமைக்காகச் சேர்க்கிற எண்ணெய்ப் பொருள் கடினப் பிளாஸ்டிக்கில் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

டேப் பசை ஒட்டியிருந்தால் தின்னர், பெற்றோல், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம். ஒரே துடைப்பில் கூடு பால் நிறமாகிவிடும். புதிய டேப் துண்டு ஒன்றை விரலில் சுற்றி, பசைப் பக்கம் வெளியே இருக்க, பழைய பசையின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் வந்துவிடும். பொதி செய்யும்போது டேப் முனையைக் கால் அங்குலம் உள்ளே மடித்து விடுங்கள். திறப்பவர் அதைப் பிடித்து இழுத்தாலே போதும், கத்தி தேவைப்படாது. உள்ளே கத்தி இறங்கி ஸ்லாப்பின் முகத்தில் நெடுக ஒரு கோடு விழுந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கூட்டுக்குள் பனி படர்ந்த மாதிரி, அல்லது பெட்டி ஈரம்

ஸ்லாப் நீர் புகாத பொருள் அல்ல, காற்றும் புகும். இதை நம்ப மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பனி மட்டும் தெரிந்தால் பதறாதீர்கள். குளிரூட்டிய இடத்திலிருந்தோ விமானத்திலிருந்தோ வந்த பெட்டியை எங்கள் ஊர்க் காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த பிளாஸ்டிக்கில் ஈரம் படியும், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலில் வியர்ப்பது போல. வந்த பெட்டியை மூடியபடியே அறையில் ஒரு நாள் வையுங்கள், பிறகு திறவுங்கள். ஆவல் எனக்கும் உண்டு, ஆனாலும் வைக்கிறேன்.

பெட்டி நனைந்து வந்திருந்தால் கதை வேறு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றோடு வருகிற மழையில் இங்கிருந்து போவதும் இங்கு வருவதும் இரண்டுமே நனையும். நனைந்த மட்டையை உடனே அகற்றி, ஸ்லாப்பைத் துடைத்து, நிமிர்த்தி நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் வேண்டாம். ஹெயார் டிரையர் வேண்டவே வேண்டாம். பின்கள் இரும்பு, ஈரம் நின்றால் துருப்பிடிக்கும், துரு பக்கத்துத் தாளுக்கும் ஏறும்.

வராமல் தடுக்க: மட்டைக் கட்டு முழுவதையும் ஒரு தடித்த பொலித்தீன் பையில் போட்டு வாயை டேப்பால் மூடுங்கள், உள்ளே ஸ்லாப்பில் படாத இடத்தில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். ஆனால் அந்தப் பையை எப்போது மூடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மழை கொட்டும் பின்னேரத்தில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே பூட்டுகிறீர்கள். காய்ந்த மதிய வேளையில், முடிந்தால் குளிரூட்டிய அறையில் மூடுங்கள். பெட்டியின் அடியிலும் ஒரு பொலித்தீன் விரிப்புப் போடலாம், ஈரம் பெரும்பாலும் நிலத்திலிருந்துதான் ஏறுகிறது.

கூடு வளைந்திருக்கிறது

வெயில். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பகலில் 35 பாகை சாதாரணம். மூடி நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மணி நேரத்தில் அதற்கு மேல் இருபது பாகையாவது ஏறும். அந்தச் சூட்டில், மேலே பாரமும் இருந்தால், பிளாஸ்டிக் மெல்ல வளையும்.

ஆகவே கொழும்புக்குத் தெரிந்த பஸ்ஸில் கொடுத்துவிடுகிற வழக்கம் உள்ளவர்கள், எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொல்லிக் கொடுங்கள், இரவு பஸ் என்றால் இன்னும் நல்லது. தபாலில் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொடுங்கள். வெள்ளி பின்னேரம் கொடுத்தால் சனி ஞாயிறு முழுவதும் எங்கோ ஒரு தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும்.

வளைந்ததைத் திரும்ப நிமிர்த்தப் பாரம் வைத்து அமுக்காதீர்கள். சூடு ஆறிய பிளாஸ்டிக் நிமிராது, முறியும்.

வானவில் மாதிரி வளையங்கள் தெரிகின்றன

சேதம் அல்ல. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் முகங்கள் நெருங்கித் தொடும் இடத்தில் ஒளி அப்படித் தெரியும். நியூட்டன் வளையம் என்று பெயர். 2016 இல் வந்த சீ.ஜீ.சீ.யின் புதுக் கூடுகளில் இது நிறையத் தெரிந்து பலர் முறையிட்டார்கள். பயணத்தில் அழுத்தம் பட்டதால் புதிதாகத் தோன்றியிருக்கலாம், தானாகக் குறையவும் கூடும். இதற்காக விற்றவரோடு சண்டை வேண்டாம்.

பெட்டி திறக்கப்பட்டு, வேறு டேப் ஒட்டி வந்திருக்கிறது

சுங்கம் திறந்து பார்த்திருக்கிறது. அது அவர்கள் வேலை. திறந்தவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் போவதுதான் பிரச்சினை. பிளாஸ்டிக்கில் அடைத்த புத்தகத்தைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும், கூட்டையும் திறக்கப் பார்ப்பார்கள்.

நான் இப்போது மட்டைக் கட்டின் மேல் ஒரு தாள் வைக்கிறேன். ஸ்லாப்பின் முன் பின் படங்கள், சான்று எண், உள்ளே என்ன இருக்கிறது, கூட்டைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்ற வரி, எல்லாம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். சிங்கள வரியைப் பக்கத்து வீட்டு மல்லிதான் எழுதித் தந்தார். மட்டைக் கட்டின் டேப்பும் எளிதாகக் கழன்று திரும்ப ஒட்டக்கூடியதாக இருக்கட்டும். கட்டு முழுவதையும் டேப்பால் மம்மி மாதிரிச் சுற்றினால், திறப்பவர் கத்தி எடுப்பார்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கப் படிவத்தில் "புத்தகம்" என்று மட்டும் எழுதாதீர்கள். தரமிட்ட காமிக்ஸ், பிளாஸ்டிக் கூட்டில், எத்தனை பிரதி, என்ன விலை என்று எழுதுங்கள். சின்னப் பொதிக்கு சி.என். 22 என்ற படிவம், மதிப்பு 300 எஸ்.டி.ஆரைத் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) தாண்டினால் சி.என். 23. வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் ஆசை வரும். எழுதிய விலைக்கு மேல் ஒரு சதமும் நட்டஈடு கிடைக்காது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு இன்னொன்று: 800 டாலர் வரையான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 இலிருந்து இல்லை. அந்த நாட்டுக்குப் பொதி ஏற்கிறார்களா, வரியை யார் எங்கே கட்டுவது என்று கவுண்டரில் முதலே கேளுங்கள்.

"பொதி சரியில்லை" என்று நட்டஈட்டை மறுக்கிறார்கள்

எனக்கே நடந்தது. இங்கிருந்து கொழும்புக்கு ஒரு கொரியரில் அனுப்பிய ஸ்லாப் நடுவில் வெடித்துப் போனது. பொதி எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். படம் கேட்டார்கள். உடைந்த ஸ்லாப்பின் படம் மட்டும்தான் என்னிடம் இருந்தது, வாங்கியவரோ பெட்டியை எறிந்துவிட்டார். அதோடு முடிந்தது.

அதன் பிறகு படம் எடுக்காமல் நான் டேப் ஒட்டுவதில்லை. சான்று எண் தெளிவாகத் தெரியும்படி ஸ்லாப்பின் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலையும் கிட்டத்தில். மட்டைக் கட்டு. மெத்தையின் தடிப்பு தெரிய அடிக்கோலோடு பெட்டியின் உள்பக்கம். மூடிய பெட்டியின் ஆறு முகம். கடைசியாகக் கவுண்டரில் எடை தெரியும் பற்றுச்சீட்டு. பத்துப் பதினைந்து படம், ஐந்து நிமிஷம்.

வாங்குகிறவருக்கும் முதலே செய்தி போடுங்கள்: திறக்கு முன் ஆறு முகத்தையும் படம் எடுங்கள், சேதம் இருந்தால் கொண்டு வந்தவர் நிற்கும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள், பெட்டியையும் மெத்தையையும் எறியாதீர்கள். சர்வதேசத் தபாலில் விசாரணை கேட்க உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை இடமுண்டு, கொரியர்கள் தருகிற காலம் அதைவிட மிகக் குறைவு, சிலரிடம் சில நாட்கள்தான். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் அந்தக் காலக்கெடு சின்ன எழுத்தில் இருக்கும். கவுண்டரை விட்டு வெளியே வரு முன் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டின் மை இரண்டு மாதத்தில் மங்கிவிடும்.